கூப்பிடு தூரம்

காலை ஒன்பதுக்கு ஒருமுறை
மாலை ஐந்துக்கு ஒருமுறை
பச்சைத் தொலைபேசியை எடுக்கிறேன்.
சிவப்பு, அவர்கள் கூப்பிட்டால் அடிப்பதற்கு.
அதில் தூசி தட்டுவதும் என் வேலைதான்.

பன்முன்ஜோம்.
என் ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடம்
கல்லெறிந்தால் விழும் தொலைவு
(யாரும் எறியக் கூடாது).
காற்று வாகாக வீசும் நாளில்
அங்கே ஒருவர் தும்மினால் இங்கே கேட்கும்.
கூப்பிடு தூரம் என்பார்களே, அதுதான்.

கூப்பிடுகிறேன்.
அடிக்கிறது
அடிக்கிறது
அடிக்கிறது.
பதிவேட்டில் எழுதுகிறேன்: பதில் இல்லை.

முன்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
"சொல்ல ஏதும் உண்டா?"
"இல்லை. உங்களுக்கு?"
"எங்களுக்கும் இல்லை."
சொல்ல ஒன்றுமில்லை என்பதை
நாள் தவறாமல் இருமுறை சொல்லிக்கொண்டோம்.
அதைவிட நல்ல செய்தி
இந்த அறைக்குள் வந்ததில்லை.

ஒரு ஜனவரியில் அவர் குரல் கரகரத்தது.
"சளியா?" என்று கேட்டுவிட்டேன்.
விதிப் புத்தகத்தில் இல்லாத கேள்வி.
மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது.
யாரோ கதவைச் சாத்தினார்கள்.
பிறகு, தணிந்து:
"முள்ளங்கிச் சாறு குடித்தேன். பரவாயில்லை."

அவர் ரியாங். நான் யாங்.
ஒரே குடும்பப் பெயர்.
எல்லைக்கு இந்தப் பக்கம் முதல் ஒலி உதிர்ந்துவிடும்,
நாங்கள் பிறப்பதற்கு முன்பே உதிர்ந்தது.
பழைய எழுத்தில் அதற்குப் பாலம் என்று பொருள்.
இதை அவரிடம் சொன்னதில்லை.
அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

இயந்திரம் பழுதாகி வழிதவறிய கணவாய்ப் படகு ஒன்றை,
நான்கு மீனவர்களோடு,
இந்தக் கம்பி வழியாகத்தான் திருப்பி அனுப்பினோம்.
மழைக்காலத்தில் "நாளை அணை திறக்கிறோம்" என்பார்கள்.
கரையோரக் கூடாரங்களைக் காலிசெய்யச் சொல்வோம்.
இப்போது இம்ஜின் ஆறு
தானே வந்து சொல்லிவிட்டுப் போகிறது.

அக்காள் மகன் உன்சோப் கேட்கிறான்:
"இணைந்தால் அந்தச் செலவுக்கு வரி கட்டுவது யார், சித்தி?"
வாய் நிறைய நூடுல்ஸ்.
அவன் கேட்டதில் தவறில்லை.
வாடகை கட்டவே இரண்டு வேலை பார்க்கிறான்.
ஒருமைப்பாடு என்பது மேடைகளில் ஏறும் சொல்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒன்பது, ஐந்து.

போன செவ்வாய், இணைப்பைச் சோதிக்க
குக் தேசு வந்தார்.
பெட்டியைத் திறந்தார், முள் அசைந்தது,
நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார்.
"கம்பி அறுபடவில்லை.
அந்த முனை வரை நல்ல செம்பு.
ஈரம் ஏறாமல் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், அங்கே."
கருவியைச் சுருட்டும்போது
பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:
"மணி அடிக்கத்தான் செய்கிறது."

அன்று ஐந்து மணிக்குக் கூப்பிட்டபோது
முதல்முறையாக அந்த அறை தெரிந்தது.
ஒரு மேசை.
முழங்காலில் இரண்டு கைகள்,
எடுக்கக் கூடாத கைகள்.
நான் எண்ணினேன். அவரும் எண்ணியிருக்கலாம்.
பன்னிரண்டு.
வைத்துவிட்டேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
மணி அடித்தது.

மேலதிகாரி மேங் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"படிவத்தில் இதற்கு இடமில்லை.
அடித்துவிட்டு வழக்கம்போல் எழுதுங்கள்."
அடித்தேன்.
எழுதினேன்.

அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது.
வரியின் குறுக்கே
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு.
அடியில் இருப்பதைப்
படிக்க முடிகிறது.