ஆறு மில்லிமீட்டர்

குறட்டையை நான் குறை சொன்னதே இல்லை.
குறட்டை வந்தால் வண்டி ஓடுகிறது என்று அர்த்தம்.
நின்றுபோகும் அந்த இடம்தான்.

பதினொன்று, பன்னிரண்டு...
சத்துவாச்சாரி நாய்கள்கூட வாயை மூடிக்கொண்டு
என்னோடு எண்ணும்.
பதினேழில் முழங்காலால் ஓர் இடி.
கிணற்றிலிருந்து தலை தூக்கினவர் போல
ஹக்கென்று காற்றை விழுங்கித்
திரும்பிப் படுப்பார். அவருக்கு எதுவும் தெரியாது.
மறுநாள் மேல்விஷாரம் கம்பெனியில்
ஷூவின் நாக்குக்குப் பதிலாக
என் நகத்தைத் தைக்கும் ஊசி.

அவர் கண்டக்டர். வேலூர் – பேரணாம்பட்டு.
பள்ளிகொண்டா தாண்டும்போது
கம்பியைப் பிடித்தபடியே கண் செருகி
நூறு ரூபாய்த் தாளுக்கு
ஐந்நூறுக்கான மீதி கொடுத்துவிட்டு வந்தார்.
"ரங்கநாதரே அங்க படுத்துக்கினுதான கீறாரு" என்றார்.
ரங்கநாதருக்கு மெமோ வராது.

ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள்.
மணிக்கு இருபத்தெட்டு தரம் மூச்சு நிற்கிறதாம்.
"டவுன் பஸ்ஸு. எல்லா ஸ்டாப்பிங்கும்."
டாக்டர் சிரிக்கவில்லை.
நானும்.

முதலில் முகமூடி, குழாய், மெஷின்.
மே மாதம், கரண்ட் போன ராத்திரி.
நாலே நாள். பிடுங்கிப் போட்டுவிட்டு
மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

பிறகுதான் அந்தப் பல் டாக்டரம்மா.
வாய் நிறைய ரோஸ் நிற மாவு.
அடுத்த வாரம் மேஜைமேல்
வெள்ளை வெளேரென்று இரண்டு தாடை.
எங்கள் கம்பெனி அலமாரியில் லாஸ்ட் அடுக்கியிருக்கும்,
ஆள் இல்லாத பாதங்கள்.
இது ஆள் இல்லாத வாய்.
விசிலைக் கடித்துக் கடித்து
முன்பல்லில் விழுந்த பள்ளம்கூட
அப்படியே இருந்தது. கையிலெடுத்தவள்
கீழே வைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

தூங்கும்போது நாக்கு பின்னால் சரிந்து
வழியை அடைக்கிறது என்றாள்.
கீழ்த்தாடையை ஆறு மில்லிமீட்டர்
முன்னால் இழுத்து நிறுத்தினால் போதுமாம்.
அவர் முகம் அப்போதுதான் தெளிந்தது.
இருபது வருஷமாய் அவர் கத்துகிற அதே பேச்சு:
படியில நிக்காதீங்க. முன்னாடி நகருங்க.
உள்ள எடம் கீது பாருங்க.

இப்போது ராத்திரிக்கு இரண்டு தகடு,
பக்கத்துக்கு ஒரு திருகு.
வாரத்துக்கு ஒரு சுற்று; சாவி என்னிடம்.
தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு
யாரோடோ நியாயம் கேட்பவர் மாதிரி தூங்குகிறார்.
தலையணை உறையை தினம் துவைக்கிறேன்.
சுடுதண்ணீரில் கழுவி ஒரு தகட்டைக் கோணலாக்கினேன்,
அதற்கு அவர் இரண்டு நாள் பேசவில்லை.

மறுபடி ஒயர். மணிக்கு ஒன்பது.
"எல்.எஸ்.எஸ். ஆயிட்டேன். பாயிண்ட் டு பாயிண்ட்
இன்னும் ஆவல."

நேற்றும் எண்ண ஆரம்பித்தேன்.
நாலு. ஐந்து.
அதற்குள் மூச்சு வந்துவிட்டது.
மீதி எண்கள் என் கையில்,
இறங்கிப் போனவன் வாங்காத சில்லறை போல.

காலை ஐந்தேகால், முதல் ட்ரிப்.
மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை.
விசிலைக் கவ்வினால் வெறும் காற்று.
விரிஞ்சிபுரம் வரைக்கும்
உள்ளங்கையால் தகரத்தில் இரண்டு தட்டு.
டிரைவர் ஜெயசீலனுக்குப் பழகிவிட்டது,
வண்டியை எடுக்கிறார்.