மேற்கெல்லை

வக்கீல் கேட்டது ஒரே ஒரு தாள்:
வம்சாவளி.
மேலிருந்து கீழாக, பேனாவால்,
அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அம்பாசமுத்திரம் பதிவு ஆபீஸில்
வில்லங்கத்துக்கு மனுப்போட்டுவிட்டு
ஒன்பது செவ்வாய்க்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தேன்.
எதிர் டீக்கடையில் எனக்குப் பற்று ஏறிவிட்டது.

உச்சியில் பூதத்தான்.
தாது வருஷப் பஞ்சத்தில் நாங்குநேரிப் பக்கமிருந்து
நுகத்தின் ஒரு பக்கம் மாடும்
மறுபக்கம் தன் தோளுமாக
வண்டி இழுத்து வந்தவன்.
வண்டியில் மாடத்தி, ஒரு திருவைக்கல்,
ஒரு மூட்டை விதை.
பசித்த பிள்ளைகள் கைவைக்கக் கூடாதென்று
மூட்டைமேலேயே உட்கார்ந்து வந்தாள்.

ஆற்றங்கரை நெடுக ஆளுக்கு ஆள் பங்கு.
வேற்றாள் கால்வைக்க ஒரு சாண் வரப்பு கிடையாது.
ஆற்றை எதிர்த்தே நடந்திருக்கிறான்.
வாய்க்கால் முடிந்து, வண்டித்தடம் முடிந்து,
இனி மாட்டேன் என்று மாடு படுத்த இடத்தில்
நுகத்தை இறக்கினான்.
அதுதான் ஊர்.
இப்போது பஸ்ஸில் போர்டு இருக்கிறது:
பூதத்தான்குடியிருப்பு.

பிள்ளைகள் ஏழு.
மூன்றை முறைக்காய்ச்சல் கொண்டுபோனது.
பன்றிக் காவலுக்குப் பரணில் ஏறிய ஒன்று
தூக்கத்தில் உருண்டு விழுந்தது.
பேர் வைக்கும் முன்பே போனதை எங்கே எழுத என்றேன்.
'சொத்துக்கு வராதது தாளுக்கு எதுக்கும்மா.'

பத்திரங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.
நான்கெல்லை சொல்லாமல் நிலத்தைச் சொல்ல
அவற்றுக்குத் தெரியாது.

முதல் பத்திரம். ஜமீன் முத்திரை, கரையான் தின்ற ஓரம்.
கிழக்கே வண்டித்தடம்.
தெற்கே ஓடை.
வடக்கே புளி நின்ற பாறை.
மேற்கே ஈச்சன் காணி தினைக்காடு.

முப்பத்தோரு வருஷம் கழித்து இரண்டாவது.
மகன் சொரிமுத்து பேரில்.
மூன்று எல்லையும் அப்படியே.
மேற்கே மேற்படியார் புஞ்சை.
மேற்படியார் என்றால் நாங்கள்.

மூன்றாவதில்
மேற்கே சர்க்கார் ரிசர்வ் காடு, கல் நம்பர் பதினேழு.

முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில்
கிரயம் இல்லை, ஒத்தி இல்லை,
ஒரு கைநாட்டுகூட இல்லை.
தேடிப் பார்த்த குமாஸ்தா
'வில்லங்கம் இல்லை' என்று
முத்திரை குத்திக் கொடுத்தார்.

கல்யாண வீடுகளில் ஒரு கதை சொல்வார்கள்.
நாலாவது பிள்ளைக்கும் காய்ச்சல் கண்டபோது
மலையிலிருந்து ஒருத்தன் இறங்கி வந்தானாம்.
ஏதோ பட்டையை இடித்துக் கொடுத்துவிட்டு
இரண்டு கை உப்பு வாங்கிக்கொண்டு போனானாம்.
பிழைத்த பிள்ளைதான் சொரிமுத்து.
கதையில் அந்த ஒருத்தனுக்குப் பேர் இல்லை.

இன்னொன்றும் சொல்வார்கள், சிரித்துக்கொண்டே.
மலையாட்கள் இரண்டு மூன்று வருஷம் விதைப்பார்களாம்,
பிறகு மண் ஆறட்டும் என்று போட்டுவிட்டுப் போவார்களாம்.
மண் ஆறித் திரும்பி வந்தால்
முள்வேலி நிற்குமாம்.

ராத்திரி தம்பி போனில் கேட்டான்:
'எல்லாம் போக நமக்குக் காணி எவ்வளவு தேறும்?'
ஆறில் ஒரு பங்கு என்றேன்.
காணி என்ற சொல்
வெகுநேரம் வாயிலேயே கிடந்தது.

வம்சாவளியை எழுதி முடித்தேன்.
பூதத்தான், மாடத்தி, கீழே சொரிமுத்து,
கிளை கிளையாக, என் பேர் வரைக்கும்.
தாளின் இடது ஓரத்தில், கோடு எதிலும் சேராமல்,
ஒரு பேர் எழுதினேன்.
ஈச்சன்.

வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'இது யாரும்மா? எந்த வழி?'
வழி தெரியவில்லை சார் என்றேன்.
'அப்போ வேற தாள்ல எழுதிட்டு வாங்க.
வியாழக்கிழமை வாய்தா.'

இன்றைக்குப் புதன்.
தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.