அசல் நகல்

எட்டு வருடமாகத் திரையின் மூலையில்
ஒரே வாசகம்:
இது அசல் நகல் அல்ல.

பத்திர ஆபீஸ் வாசலில் சொன்னால் சிரிப்பார்கள்.
அசலென்றால் அசல்.
நோட்டரி முத்திரை குத்தினாலும்
நகல் நகல்தான்.
ஆனாலும் உறுத்தும் எனக்கு.
ஊரார் சொத்துக்கு வில்லங்கம் பார்த்துத் தட்டச்சுகிறவள்
குடியிருப்பது
கிரயம் கொடுக்காத வீட்டில்.

போன புதன், ஜீபே மக்கர் செய்த மதியம்,
வாடகை ஒப்பந்தம் அடிக்க வந்த
விவசாயக் காலேஜ் பையன்
நாற்பது ரூபாய்க்குப் பதில்
ஒரு பென்டிரைவை வைத்துவிட்டுப் போனான்.
"லினக்ஸ் இருக்குக்கா.
காசும் கிடையாது, திருட்டும் கிடையாது."
அப்படி ஒரு மூன்றாவது வகை இருப்பதே
எனக்குத் தெரியாது.

ஞாயிறு இரவு உட்கார்ந்தேன்.
அது முதலில் கேட்டது பாகப்பிரிவினை.
வட்டை எத்தனை பங்காக்க?
பழையதை ஓரமாய் இருத்திவைக்கவா,
முழுக்க அழிக்கவா?
மூவாயிரம் பாகப்பிரிவினை அடித்த கை
அங்கே நின்றது.
இருத்திவைத்தால் என்ன ஆகும் என்று தெரியும்:
பொது நடை, பொதுக் கிணறு,
அப்புறம் இரண்டு தலைமுறைக்கு வாய்தா.
அழி என்றேன்.

பாதி அழிந்திருக்கையில்
ஒத்தக்கடை முழுக்கக் கரண்ட் போனது.
யானைமலை மட்டும்
இருட்டுக்குள் இன்னொரு இருட்டாய்ப் படுத்திருந்தது.
யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்த
ஒன்பது நிமிடம்
அந்த வீடு
பழையவருக்கும் இல்லை, புதியவருக்கும் இல்லை.

பிறகு பெயர் கேட்டது.
சூரியகலா என்று அடித்துவிட்டு
தகப்பன் பெயருக்கோ புருஷன் பெயருக்கோ
அடுத்த கட்டத்தைத் தேடினேன்.
இல்லை.
கறுப்புப் பெட்டியில் கடவுச்சொல் அடித்தால்
ஒரு புள்ளிகூட விழவில்லை.
கீபோர்டு செத்ததென்று கவிழ்த்துத் தட்டினேன்.
முறுக்குத் தூள் கொட்டியது.

திங்கள் காலை
அரியநாதன் சாருடைய பழைய பத்திரம் ஒன்றைத் திறக்க,
tlf;F
njw;F
பக்கம் பக்கமாய்ப் பூச்சி ஊர்ந்த மாதிரி.
பழைய எழுத்துரு
புது வீட்டுக்குக் கூட வரவில்லை.
பன்னிரண்டு வருடத்து நான்குமால்
எல்லாம் போச்சா?
வயிறு கலங்க, கை தானாகச் சாவிகள்மேல் ஏறியது.
தெரிந்த பூச்சியை அப்படியே தட்டினால்
கண்ணுக்கு முன்பே விரலுக்கு விளங்கிவிட்டது.
வடக்கு.
ஊரணிக்கு வடக்கு,
செல்லக்காளை புஞ்சைக்குத் தெற்கு,
வண்டிப்பாதைக்குக் கிழக்கு.
மேஜைமேல் விரல் தட்டித் தட்டி
ஒரு முழுப் பத்திரத்தையும் படித்து முடித்தேன்.
(எழுத்துருவை மறுநாள் இறக்கிக்கொண்டேன்,
அது வேறு பாடு.)

உரிமப் பத்திரத்தையும் தேடிப் பார்த்தேன்.
இங்கிலீஷ், பாதிதான் புரிந்தது.
நகலெடுக்கலாம், கொடுக்கலாம், விற்கலாம்,
பிரித்துப் பார்த்து மாற்றியும் கட்டலாம்.
இதைத்தானே நான் தினம் அடிக்கிறேன்,
தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள என்று?
இத்தனை வருடத்தில்
என் பெயரைப் போட்டு ஒருமுறைகூட அடித்ததில்லை.

கடைசியில் மட்டும்,
எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றிருந்தது.
வில்லங்கம் வந்தால் முன்னின்று தீர்த்துத் தருவேன்
என்று எழுதாத கிரயத்தை
எங்கள் வரிசையில் எவரும் தொடமாட்டார்கள்.
அரியநாதன் சார் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்:
"அம்புட்டையும் குடுத்துட்டுப் பொறுப்பில்லேன்னா
அவன் ஒண்ணு மகான்,
இல்ல, பட்டா இல்லாதவன்."
பதில் சொல்லவில்லை.
என் பிரிண்டர் வேறு
இன்னும் புது ஆளை ஒத்துக்கொள்ளவில்லை.
பக்கத்துக்கு மூன்று ரூபாய் தந்து
பவளக்கொடியின் ஜெராக்ஸ் கடையில்தான் எடுக்கிறேன்.

பையன் நாற்பது ரூபாயோடு வந்தான்.
பென்டிரைவைத் திருப்பிக் கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை இன்னொன்றில் ஏற்றி
இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.
"இதுல எதுக்கா அசல்?" என்றாள்.
இரண்டு உள்ளங்கையையும் பார்த்தேன்.
ஒன்றில் மூடி இல்லை.
அவ்வளவுதான் தெரிந்தது.