நவரானாவுக்கு, முதல் கப்பல் வெடித்த பின்

நான்கு நிமிடம் பறந்தாய்.
கிளாக்ஸ்விக்கில், கடலைப் பார்த்த அறையில்,
பன்னிரண்டு திரைகளில் சால்மன்களுக்கு இரை தூவியபடி
நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதின்மூன்றாவது திரை என்னுடையது.
அது கம்பெனிக்குத் தெரியாது.

வெடித்தது இருக்கட்டும். ஏன் வெடித்தது என்று பார்.
ஒரு பெரிய பீரங்கி, ஒரு சின்னது, ஒரு ஏவுகணைக் குழாய்.
மூன்றும் மூன்று தூரத்துக்குச் சுடும்.
எதிரி எங்கே நின்றாலும்
இரண்டு வேடிக்கை பார்க்கும்.
ஒரே வகை எடு, ஒரே அளவு.
அது எட்டும் தூரத்தில் நிற்கக் கற்றுக்கொள்.

கேடயத்தையும் தகட்டையும் சேர்த்துப் பூட்டியிருந்தாய்,
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்.
கேடயமென்றால் கேடயம்,
அடி வாங்கி ஓடிவிட்டால் தானே ஊறிக்கொள்ளும்.
தகடென்றால் தகடு,
கனம், திரும்பவே நேரமாகும்,
ஆனால் கடைசிவரை முறைத்துக்கொண்டு நிற்கும்,
என் அண்ணி மாதிரி.

மின்தேக்கியின் எண்ணை யாரும் படிப்பதில்லை.
நூக் துறைமுகத்தில் நீ ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட்
உறைந்த இறால் எத்தனை பெட்டி தாங்குமென்று
உன் முதுகுக்கே தெரியும் என்றாயே,
அந்த முதுகைக் கொண்டுவந்து இங்கே உட்கார வை.
வெளியே கிளம்புமுன்
எல்லாக் கருவியையும் ஒன்றாக ஓடவிடு.
தேக்கி எத்தனை நொடியில் வற்றுகிறது?
எழுபதுக்குக் கீழே என்றால்
அது கப்பல் இல்லை, சவப்பெட்டி.
விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

அந்த ஊதா நிறக் கருவிகள், தொடாதே.
நான்கு மடங்கு விலை, மூன்று சதவீதம் வேகம்.
வாயிலருகே கொள்ளையர்கள்
உன் வயிற்றுக்குள் ஒளி பாய்ச்சி விலை கணக்கிடுவார்கள்.
ஏழையாய்த் தெரி.
ஒரே மாதிரி பத்துச் சின்னக் கப்பல் வாங்கி நிறுத்து,
பத்தையும் தொலைக்கப் போகிறோம் என்றே வாங்கு.
போனால் ராத்திரிச் சோறு இறங்காது என்கிற கப்பலில்
ஏறாதே.

காப்பீடு போடு.
குண்டு எடுத்துக்கொள். சிரிக்காதே,
சண்டை நடுவில் வெறும் பீரங்கியோடு
நின்றவன் சொல்கிறேன்.
காலி இடம் விடாதே,
ஒன்றும் இல்லையென்றால் ஒரு விளக்காவது மாட்டு.

இவ்வளவும் நான் தட்டி முடித்ததும்
நீ ஒரே வரியில் கேட்டாய்:
ஹன்னிஸ், உன் கப்பல் எது?

மூன்றாம் நிலையம், கடைசிக் கிடங்கு.
இரண்டு குளிர்காலம் பாறை உடைத்து வாங்கியது.
எல்லா இடமும் ஊதா. ஒன்றுகூடக் காலியில்லை.
ஆறு வருடமாக
ஞாயிறுதோறும் உள்ளே போகிறேன்,
கேமராவை அதைச் சுற்றி ஒருமுறை ஓட்டுகிறேன்,
ஒரு பீரங்கியைக் கழற்றி
அதையே திரும்ப மாட்டுகிறேன்.
கதவைத் தாண்டியதில்லை.

எழுதி அனுப்பிவிட்டு உன் சிரிப்புக்குக் காத்திருந்தேன்.
நீ சிரிக்கவில்லை.
புள்ளிகள் மினுங்கின, நின்றன, மினுங்கின.
பிறகு:
மேலாளர் கிளெயிஸ்ட் வெடித்தபோது பார்த்தாயா?
நடுவில் பச்சை, ஓரத்தில் மட்டும் நீலம்.

அப்போதுதான் புரிந்தது
கப்பலுக்கு உன் மேலாளர் பெயரை ஏன் வைத்தாய் என்று.

ஏழாம் கூண்டில் இரைக்குழாய் அடைத்துக்கொண்டது,
மழைச்சட்டை மாட்டிக்கொண்டு போக வேண்டும்.
உன் கடிகாரத்தில் ஒன்பதுக்கு வாயிலருகே வா,
சின்னதில் வா, ஒரே அளவுப் பீரங்கி, மறக்காதே.
நான் பெரியதை எடுத்து வருகிறேன்.
அந்த வகைக்குக் காப்பீடு எவரும் தருவதில்லை.
எந்த நிறத்தில் வெடிக்குமென்று
எனக்கும் தெரியாது.