இரண்டாம் வரி

முதல் வரியில் எல்லோருக்கும் முழுப்பெயர்.
விதி அது. மஞ்சள் தாளில் எழுதி
என் திரைக்கு மேல் ஒட்டியிருக்கிறார்கள்.
இரண்டாம் வரியைப் பற்றித் தாள் பேசுவதில்லை.

இரவு பதினொன்று இருபது.
ஈசூன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எண்ணுகிறார்கள்.
தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்து என் வேலை.
ஒரு வரிக்கு இருபத்தேழு இடம்.
கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும்
தனித்தனியே வாடகை கேட்கும் மென்பொருள்.

மாதிரி எண்ணிக்கை வந்தது.
'திரு கோ முன்னிலை' என்று அடித்தேன்.
அடுத்து, விரல்கள் தாமாகவே,
'வள்ளி பின்னடைவு.'

அடித்த பிறகுதான் பார்த்தேன்.
வள்ளியா?
எந்தப் பள்ளியில் என்னோடு படித்தாள் இவள்?
படித்தார் இவர்?

அமிர்தவள்ளி வைரக்கண்ணு, வயது ஐம்பத்து மூன்று,
கட்டுமான விபத்து வழக்குகளில்
இருபது வருடம் முதலாளிகளைக் குறுக்குவிசாரணை செய்தவர்.
பாதிப் பெயரை நான் எப்போது கழற்றினேன்?

இடம் போதாது என்பார் நசீர், பணிநேர ஆசிரியர்.
சரிதான், கோ ஓரெழுத்து ஒருமொழி;
அரசன் என்று பொருள், உயர்நிலை ஒன்றில் மனப்பாடம் செய்தது.
அந்த வசதி அமிர்தவள்ளிக்கு இல்லை.
ஆனால் போன தேர்தலில்
'திரு பாலசுப்பிரமணியம் வெற்றி' இருபத்தெட்டு வந்ததே,
எழுத்தின் அளவைக் குறைத்தோம்,
ஆளை அல்ல.

குடும்பப் பெயரால் அழைத்தால் மரியாதை என்கிறார்கள்
ஆங்கிலப் பிரிவில்.
ஒருமுறை செய்தும் பார்த்தார்கள்: திருமதி வைரக்கண்ணு.
வைரக்கண்ணு அவருடைய அப்பா,
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர்.
மகளை மனைவியாக்கிவிட்டு
மறுநாள் இணையத்தின் ஒரு மூலையில் இரண்டு வரி வருத்தம்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்.
ஆணும் பெண்ணும் சொந்தப் பெயரோடுதான் தெருவில் நடக்கிறோம்.
ஆகவே இங்கே களவு போவது பெயர் இல்லை,
முன்னால் நிற்கும் திரு,
பின்னால் நிற்கும் ஆர்.

புளோக் 418 காப்பிக் கடையில் கேட்டிருக்கிறேன்,
ஒரே வாய், ஒரே தே-ஓ கோசோங்:
"கோ சார் வந்தாரு, கைகுலுக்கினாரு, போனாரு."
"வள்ளி வந்துச்சு. லிஃப்ட்ல தண்ணி ஒழுகுதுன்னு சொன்னேன்,
நின்னு கேட்டுச்சு."
கோ சாரிடம் அவர் லிஃப்டைப் பற்றிச் சொல்லவில்லை.
சாரிடம் போய் எப்படி.
அந்தச் 'சு'வில் பிரியமும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.
கட்சிக்காரர்களுக்கும் தெரியும்;
சுவரொட்டியில் நான்கு மொழியிலும் 'உங்கள் வள்ளி'.

அவரைக் கேட்டார்களா, தெரியாது.
ஒப்பனை அறையில் ஒரு தடவை என்னிடம் கைநீட்டி
"அமிர்தவள்ளி" என்றார்,
படிவம் நிரப்புபவருக்குச் சொல்வதுபோல்
ஓர் எழுத்தும் விடாமல்.
கதவைத் திறந்த பையன், இருபத்து நாலு வயது இருக்கும்,
"வள்ளி, மைக் ரெடி" என்றான்.
அவர் எழுந்து போனார்.
மைக் ரெடியாகத்தான் இருந்தது.

ஒன்று நாற்பதுக்கு முடிவு.
கணக்கு திரும்பிவிட்டது, அறுநூற்றுப் பதினொரு வாக்கு.
நசீர் கத்துகிறார், போடு, போடு.
'திருவாட்டி அமிர்தவள்ளி வெற்றி.'
இருபத்தொன்பது.
'வள்ளி வெற்றி' என்றால் பன்னிரண்டில் முடிந்துவிடும்.
எழுத்தின் அளவை மாற்றும் உரிமை நசீரின் கணினியில்,
அவரோ யாருடனோ தொலைபேசியில்.

அழுத்திவிட்டேன்.

நான்கு விநாடி, தீவு முழுக்க,
திருவாட்டி அமிர்தவள்ளி வெற்

'றி' எங்கே என்று
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.