கரடி எண்

ஜூனில் ஒரே ஓர் இரவு உறைபனி.
சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே
புளூபெர்ரிப் பூ முழுக்கக் கருகிப்போனது.
ஆகஸ்டில் என் தொலைபேசி ஓயவில்லை.

பெயர்? வீட்டு எண்?
இப்போது அது என்ன செய்கிறது?

ஹக்கோலா வீட்டுக் குப்பைத் தொட்டியை
மல்லாத்திப் போட்டுத் தின்கிறது.
பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில்
வரிசையில் நிற்பதுபோல் நிற்கிறது.
நாய் என்று நினைத்து
பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன்
என்றார் புரோக்கோப்சுக் அம்மாள்.

ஓடாதீர்கள். முதுகு காட்டாதீர்கள்.
பேசிக்கொண்டே பின்னால் நகருங்கள்.
என்ன பேசுவது என்று ஒருவர் கேட்டார்.
எதுவானாலும், என்றேன்.
ஹாக்கி ஆட்டத்தின் கோல் கணக்கைச் சொன்னாராம்.
போய்விட்டதாம்.

அடுத்த கேள்விக்குத்தான் மறுமுனை இருமும்:
பறவைத் தீவனக் கூண்டு தொங்குகிறதா?
குப்பையை முந்தின இரவே வெளியில் வைத்தீர்களா?
மரத்தில் பழம் இருக்கிறதா?

இடக்காதில் மஞ்சள் வில்லை, எண் பதினேழு.
பிடித்து, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி
விட்டுவிட்டு வந்தார்கள்.
பதினோராம் நாள் திரும்பிவிட்டது.
அதன் படிவத்தில் இன்னும் ஒரு கட்டம்தான் காலி.
அது எதற்கான கட்டம் என்று யாரும் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

செப்டம்பர். வேலை முடிந்து
பின்னிரவு இரண்டேகாலுக்குக் காரை நிறுத்தினேன்.
என் ஆப்பிள் மரம் ஆடியது.
காற்று இல்லை.

பறிக்க நேரமில்லை. ஏணி உடைந்துவிட்டது.
முழங்கால் வேறு.
ஊருக்கெல்லாம் உபதேசம் சொன்ன வாய்
காருக்குள் உலர்ந்தது.

கிளை முறிந்தது.
முகப்பு விளக்கு வெளிச்சத்தில்
ஒரு மஞ்சள் பொட்டு.
என்னைப் பார்த்தபடியே மென்றது,
அவசரமில்லாமல்,
அழுகியதை ஒதுக்கி, நல்லதாய்த் தேடி.

எண்ணை அழுத்தினேன். என் குரலே எடுத்தது:
'ஊழியர் அனைவரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள்.
கரடியை நெருங்காதீர்கள். காத்திருங்கள்.'
காத்திருந்தேன்.

பெயர்? என்றான் டெல்பர்ட்.
இர்யா, என்றதும் சிரித்துவிட்டான்.
பிறகு கேட்டான், கேட்டுத்தானே ஆகவேண்டும்:
காதில் வில்லை இருக்கிறதா?

இருமினேன்.
முகப்பு விளக்கை அணைத்தேன்.
இருட்டு டெல்பர்ட், என்றேன்,
ஒன்றும் தெரியவில்லை.

தெருமுனை வரை அதன் மூச்சு கேட்டது.
அது திரும்புமுன் ஓர் ஏணி வேண்டும்.
ஹக்கோலாவிடம் இருக்கும்.
போன வாரம்தான்
குப்பைக்காக அவரை வறுத்தெடுத்திருந்தேன்.