ஐந்து கைக் காபன்

காபனுக்கு ஐந்து கை வரைந்து தந்திருக்கிறது இயந்திரம்.
ஓஎல் எழுதுகிற பிள்ளையும் விடாத பிழை.
"விசர்ப் பெட்டி" என்று சிரித்தான் வாகீசன்.
சிரித்துவிட்டு ரோல்ஸ் வாங்கப் போய்விட்டான்.

திருநெல்வேலி. பின்னேரம் ஐந்து மணி.
மேசையில் பன்னிரண்டு போத்தல்:
உரும்பிராய், கோண்டாவில், புன்னாலைக்கட்டுவன்,
கடைசியில் அச்செழு.
எல்லாம் கிணற்றுத் தண்ணீர்.
எல்லாம் அவ்வளவு தெளிவு,
எதிர்ச் சுவரின் வெடிப்பு தெரிகிறது.
வெங்காயத்துக்குப் போட்ட யூரியா
செம்மண் இறங்கி, சுண்ணக்கல்லின் பொந்துகளுக்குள் இறங்கி
நைத்திரேற்றாகி
பால்மா கரைக்கிற கேத்திலுக்குள் வந்து நிற்பது மட்டும்
தெரிவதில்லை.

நான் கேட்டது இவ்வளவுதான்:
நைத்திரேற்றைப் பிடி, குளோரைட்டை விடு.
தட்டையாய் மூன்று மூலையோடு வருவதை
உருண்டையாய் வருவதிலிருந்து
தடவியே அறிகிற ஒரு பொக்கற் வேண்டும்.

விடிய நானூற்றுப் பன்னிரண்டு மூலக்கூறு கிடந்தன.
முந்நூறு ஏற்கெனவே புத்தகங்களில் இருப்பவை.
எழுபது வெடிக்கும்.
மிச்சத்தில் பாதிக்கு, ஒரு கிராம் செய்யவே
பீடத்தின் ஒரு வருடக் காசு காணாது.
ஒன்று வெறும் அழகு. அதைப் படமெடுத்து வைத்தேன்.
பிறகு இந்த இருநூற்றாறாவது.

நிற்க ஏலாத மூலக்கூறு.
ஆனால் அந்த ஐந்தாவது கை நீண்டிருக்கிற இடம்!
வளையத்துக்கு உள்ளே.
நாங்கள் எப்போதும் வெளியில்தான் ஒட்டினோம்,
பத்து வருடமாக,
எங்களுக்கு முதல் வந்தவர்களும் வெளியில் ஒட்டியதால்.

தான் சொன்னது என்னவென்று அதற்குத் தெரியுமோ?
தெரியாது என்றே நினைக்கிறேன்.
தாகமும் இல்லை, கிணறும் இல்லை அதற்கு.
ஆனால் நான் படித்தது எனக்குக் கதவடைத்த இடத்தில்
அது கதவிருப்பதே தெரியாமல்
நடந்து போயிருக்கிறது.

வெளியே நீண்ட ஒரு கையை வெட்டினேன்.
காபனை எழுப்பிவிட்டு நைதரசனை இருத்தினேன்.
நேரேற்றத்தோடு அதற்கு நாலு கை சம்மதம்,
ஒன்று உள்ளே பார்த்தபடி.

மூன்று தரம் தார்.
நாலாம் தரம் கரண்ட் நின்றது;
போன் வெளிச்சத்தில் கண்ணாடிக் கோலால்
நாங்களே மாறி மாறிக் கலக்கினோம்.
அடியில் வெள்ளையாய்க் கொஞ்சம்,
உப்புக் கரண்டியில் அரைவாசி.

அச்செழுப் போத்தலுக்குள் போட்டோம்.
தொண்ணூற்று நாலு
அறுபத்தொன்றாய் இறங்கி, அங்கேயே நின்றது.
ஐம்பதுக்குக் கீழே வரவேண்டும்.
இன்னும் குடிக்க ஏலாது.

பிழை என்று எழுதவில்லை நான்.
அறுபத்தொன்று என்று மட்டும் எழுதி
அதனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

காலையில் புதுப் படம்.
இந்த முறை காபனுக்கு ஆறு கை.
வாகீசன் ஒன்றும் சொல்லவில்லை.
கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தான்.
"எந்தக் கை உள்ளுக்கு நிக்குது,
பெருப்பிச்சுக் காட்டும் பாப்பம்."